ராஜசபையில் பிலோமினா அக்கா

மே மாதத்தின் கடைசி நாள் சாயங்காலம். கோயிலில் இரண்டாம் மணி அடித்தாகிவிட்டது. மாதா சுரூபத்தைச் சுற்றி மல்லிகைச் சரமும் மெழுகுவர்த்தியுமாக உள்ளே ஒரே வாசனை. பெஞ்சுகள் நிறைந்து தாழ்வாரத்திலும் ஜனம் நின்றது. முன்னால் நின்று மன்றாட்டு மாலை சொல்ல வேண்டிய ஆளை மட்டும் காணோம். பங்குச் சாமியார் கைக்கடிகாரத்தையும் வாசலையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பக்கவாட்டுக் கதவு வழியாக ஒரு பெரியவர் அவசரமாக உள்ளே வந்தார். மார்பு வரை வெள்ளைத் தாடி. நெற்றி முழுக்க நாமம். காதில் பெரிய கடுக்கன். இடுப்பில் சரிகை வைத்த பஞ்சகச்சம், மேலே கட்டம் போட்ட அரைக்கைச் சட்டை. வந்தவர் நேராக மைக்குக்கு முன்னால் போய் நின்றார்.

எங்கள் பங்குச் சாமியார் யாரையும் கடிந்து பேசமாட்டார். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னார்.

"பெரியவரே, பெருமாள் கோயில் அடுத்த தெருவுல இருக்கு. ஆள் அனுப்பிக் காட்டச் சொல்லட்டுங்களா?"

மைக் ஏற்கெனவே போட்டிருந்தது. பெருமாள் கோயில் எங்கள் கோயில் கூரை வரை போய் எதிரொலித்துத் திரும்பியது.

"சாமி, நான்தான் சாமி. சவரி," என்றது தாடி.

அந்தத் தாடிக்குள் இருந்தவர் என் கணவர் சவரிமுத்து. மூன்றாவது பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியவள் நான். ஆனால் சிரித்துக்கொண்டே நானும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விஷயத்தில் ஒரு தீர்ப்பு வர வேண்டியிருந்தது. சாயங்காலத்துக்குள் சொல்கிறேன் என்றவர் இன்னும் வந்து சேரவில்லை. அது என்ன தீர்ப்பு, யார் சொல்ல வேண்டியது என்பதற்குக் கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டும்.

மாற்றல் தந்த சீதனம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் ஏனாம் பள்ளிக்கூடத்தைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி போன் செய்தார். "டீச்சர், தெலுங்கு உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு போலிருக்கே, எப்படி?" என்று கேட்டார். எல்லாம் மாற்றல் உத்தரவின் கைங்கர்யம்.

புதுச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்ப்பவர்களுக்கு ஏனாம் என்ற பெயரைக் கேட்டாலே காய்ச்சல் வரும். வரைபடத்தில் எங்கோ கோதாவரிக் கரையில் ஒரு துளியூண்டு ஊர். அதுவும் நம் பிரதேசம்தான். பிரெஞ்சுக்காரன் அப்படிப் பிரித்து வைத்துவிட்டுப் போனான். எழுத்தராக இருந்த என் அப்பாவுக்கு அங்கே மாற்றல் வந்த அன்று வீட்டில் உலை வைக்கவில்லை. அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே மூட்டை கட்டினாள்.

எனக்கோ அந்த ஊர் போன வேகத்தில் பிடித்துவிட்டது. ஆறு பிடித்தது, மீன் பிடித்தது, எல்லாவற்றுக்கும் மேலாகத் தெலுங்கு பிடித்தது. சண்டை போடுவதற்கு அதைப்போல ருசியான பாஷை கிடையாது. கல்யாணமான புதிதில் கோபம் வந்தால் நான் தெலுங்குக்குத் தாவிவிடுவேன். ஒரு வார்த்தை புரியாமல் என் கணவர் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். இத்தனை வருஷம் எங்கள் குடித்தனம் நிலைத்ததற்கு அதுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

குடம் செய்பவரின் கவி

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு கோடை. புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி வைத்திருந்தார் சுப்பாராவ் என்ற ஏனாம்காரர். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று எங்கள் தெருக் குழாயடியில் வரிசை கட்டி நிற்கும் குடங்களில் பாதி அவருடையவை. அந்த மனிதருக்கு சினிமா எடுக்கும் ஆசை வந்தது. அதுவும் சண்டையும் டூயட்டுமாக ஒரு படம் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு சிற்றரசன் சபையில் இருந்த தெலுங்குக் கவியின் வாழ்க்கைக் கதை.

அந்தக் கவிக்குச் சரித்திரப் புத்தகத்தில் அரை வரிகூட இடம் இல்லையாம். சுப்பாராவின் சொந்தக்காரர்கள் வட்டாரத்தில் வாய்வழியாக வந்த கதைதான். பெயர்கூட ஆளுக்கு ஒன்று சொல்வார்கள் என்பதால் படத்திலும் அவர் வெறும் 'கவிகாரு', அதாவது கவிஞர் ஐயா.

கதை இதுதான். ராஜாவின் பிறந்தநாள். சபை நிறைந்திருக்கிறது. புகழ்ந்து பாடு என்று ராஜா சொல்கிறார். கவிகாரு எழுந்து, ஏரி வறண்டுபோன ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்கிறார். ஒவ்வொரு பெயருக்குப் பிறகும், "நீள்ளு லேவு பிரபு" என்கிறார். தண்ணீர் இல்லை பிரபுவே என்று அர்த்தம். பிறந்தநாள் அன்றைக்குப் போய் இப்படி! சபை பயத்தில் உறைந்துபோய் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறது. கடைசியில் ராஜா மனம் மாறி, ஏரிகளை வெட்டுங்கள் என்று உத்தரவு போடுகிறார். படத்தின் உயிரே அந்த ஒரு காட்சிதான்.

குடம் விற்கிற மனிதருக்குத் தண்ணீர் கேட்ட கவியைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

தட்டாஞ்சாவடியில் காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டில் அரசவை போட்டார்கள். முன்பு அங்கே துணி சோப்பு தயாரித்தார்கள். சுவரில் சலவைக்கல் மாதிரி பெயின்ட் அடித்து, தூண்களுக்கு அட்டையில் யாளி ஒட்டியும் அந்த வாசனை போகவில்லை. எங்கள் ராஜசபை மாதிரி சுத்தமாக மணத்த ராஜசபை வேறெங்கும் இருந்திருக்காது.

அந்தத் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையிலேயே ஒரு லேத் பட்டறையில் என் கணவர் சூப்பர்வைசர். சிம்மாசனத்துக்கு இரும்புச் சட்டம் செய்து தரச் சொல்லி அவரிடம்தான் வந்தார்கள். செய்து முடித்து, நாலு பேரை வைத்துத் தூக்கிக்கொண்டு போய் ஷெட்டில் இறக்கும்போது இவர் குரல் கொடுத்திருக்கிறார். "ஏய், பாத்து... பாத்து... சாய்க்காத... இறக்கு!" அவ்வளவுதான். உள்ளே தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த சுப்பாராவ் ஓடி வந்தாராம்.

அவர் தலையில் கை வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. கவிகாருவாக நடிக்க ராஜமுந்திரியிலிருந்து வந்தவர், டிவி சீரியலில் வாய்ப்பு வந்துவிட்டது என்று முந்தின நாள்தான் பெட்டியைக் கட்டியிருந்தார்.

"மீரு எவரண்டி?" என்று கேட்டிருக்கிறார் சுப்பாராவ். நீங்கள் யார் என்று அர்த்தம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க. என் வொய்ஃபுக்குத் தெரியும்," என்று சொல்லியிருக்கிறார் என் கணவர்.

யூதாசு மாமா

கவிகாருவாக நடிக்கச் சொன்னதும் அவர் ஏன் உடனே ஒப்புக்கொண்டார் என்பதைச் சொல்ல வேண்டும். நடிப்பு அவருக்குப் புதிதல்ல. தவக்காலத்தில் எங்கள் பங்கில் போடும், இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஸ்கா நாடகத்தில் வருஷம் தவறாமல் அவர்தான் யூதாசு. குரல் மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கும். மீசையும் அதற்குத் தோதாக இருந்தது. இயேசுவைக் காட்டிக்கொடுக்கிற முத்தத்துக்குப் பிறகு அவர் போடும் சிரிப்பில் முன்வரிசைக் குழந்தைகள் அலறும்.

அதனால் தெருவில் அவர் பெயரே யூதாசு மாமா. எங்கள் மகள் சின்னவளாக இருந்தபோது, நாடகம் முடிந்து வீட்டுக்கு வந்தவரிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவள் இப்போது பெரியவளாகி ரீயூனியன் தீவில் வேலை பார்க்கிறாள். ஆனால் அந்த ஒரு வாரத்தை இவர் மறக்கவில்லை.

"ரோசாலி, இவ்ளோ பெரிய குரலக் குடுத்துட்டு அதுல கெட்டவனாவே பேச வெச்சிட்டாரே ஆண்டவரு. ஒரே ஒரு தடவ, ஒரு நல்ல மனுசனா நாலு வார்த்த பேசிட்டேன்னா போதும்," என்று என்னிடம் சொன்னார்.

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூட விடுமுறையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, தெலுங்கு சொல்லித்தருவதற்கு ஷெட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

ராஜா போட்ட முட்டுக்கட்டை

ராஜாவாக நடித்தவர் ராஜமுந்திரிப் பக்கத்து மேடை நடிகர். வயதானவர், சங்கீதம் தெரிந்தவர், மூக்கு நுனியில் கோபம் உள்ளவர். கிரீடம் இல்லாதபோதும் ராஜாவாகவே நடமாடுவார். என் கணவர் வசனம் பேசியதை அவர் முதல்முறை கேட்டபோது, வெற்றிலை போட்ட வாயை அப்படியே நிறுத்திவிட்டார்.

"சுப்பாராவு, இது தெலுங்கா? லேத் மெஷின்ல போட்டுக் கடைஞ்சமாதிரி இருக்குது. முகம் இவருது இருக்கட்டும். குரலுக்கு எங்க ஊர்லேர்ந்து ஆள் வெச்சு டப்பிங் பண்ணிக்கலாம்," என்றார் அவருக்குத் தெரிந்த தமிழில், எங்களுக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகவே.

என் கணவர் முகம் சுண்டிப்போனது. அவருக்கு வேண்டியது முகமா? குரலுக்காகத்தானே வந்தார்?

எனக்குப் பொங்கியது. ஏனாமில் கற்ற தெலுங்கில் அந்த ராஜாவுக்கு நாலு வார்த்தை சொன்னேன். அவற்றை இங்கே எழுத முடியாது, இது குடும்பப் பத்திரிகை. சுப்பாராவ் நடுவில் விழுந்து சமாதானம் செய்தார். மற்ற காட்சிகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், சபைக் காட்சியை மட்டும் ஷூட்டிங் நடக்கும்போதே குரலோடு பதிவு செய்வது, அதைத் தடுமாறாமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் படம் முழுக்க சவரிமுத்துவின் குரல்தான், தவறினால் டப்பிங் என்று முடிவானது.

"இன்னொரு விஷயம். சபையில ஒரு சத்தம் வரக்கூடாது. அமைதிதான் அந்த சீனுக்கு மியூசிக்," என்றார் சுப்பாராவ்.

ஒட்டிக்கொண்ட மெட்டு

வீட்டில் நாங்கள் பட்ட பாட்டைக் கேளுங்கள். குழம்பு தாளிக்கும்போது ஊர்ப் பெயர் சொல்லிக்கொடுப்பேன். நல்லகுண்ட, எர்ரபாலெம், தாடிமெட்ட என்று வரிசையாகப் போகும். கறிவேப்பிலை போடுவதற்குள் எர்ரபாலெம் மறந்துபோகும். தாடிமெட்டவைப் பிடித்து வந்தால் நல்லகுண்ட நழுவும்.

"என்னாங்க, ஸ்குரூ சைஸ் அத்தனையும் மனப்பாடமாச் சொல்றீங்க. இது வராதா?"

"ஸ்குரூ கையில பிடிச்சுப் பாக்குற சாமான்டீ. இது காத்து."

ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து எல்லா ஊரும் வரிசை பிசகாமல் வந்தது. நல்லகுண்ட முதல் கடைசி ஊர் வரை, ஒரு தடுக்கல் இல்லை. நான் கரண்டியோடு ஓடினேன். கேட்டதும் அப்படியே நின்றுவிட்டேன். வார்த்தை தெலுங்கு. மெட்டு எங்கள் கோயில் மன்றாட்டு மாலை. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஓர் இழுப்பு, ஓர் இறக்கம், ஜனங்கள் பதில் சொல்ல ஓர் இடைவெளி. எல்லாம் அச்சு அசல்.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். மன்றாட்டு மாலையில் ஒருவர் முன்னால் நின்று மாதாவின் பட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒவ்வொன்றுக்கும் ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பதில் சொல்வார்கள். வேறு யோசனையில் இருந்தாலும், அரைத்தூக்கத்தில் இருந்தாலும் வாய் தானாகச் சொல்லிவிடும். என் கணவர் எங்கள் பங்கில் பல வருஷமாக அதைச் சொல்லி வருபவர்.

"என்னாங்க இது, மாதாகிட்ட கேக்குற மெட்டுல ராஜாகிட்ட கேக்குறீங்க?"

"எனக்கு இந்த ஒரு மெட்டுலதான் எதுவும் ஒட்டுது ரோசாலி. நான் என்னா பண்ணட்டும்? அங்கயும் கேக்குறதுதான், இங்கயும் கேக்குறதுதான்."

பயந்துகொண்டே சுப்பாராவிடம் பாடிக்காட்டினோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். "ஆஹா! எங்க பக்கத்துல பழைய பாட்டுப் படிக்கிற முறை மாதிரியே இருக்கே! எங்க பிடிச்சீங்க சவரிகாரு?" என்றார். இவர் என்னைப் பார்த்தார், நான் சிம்மாசனத்தைப் பார்த்தேன். ராஜாகூடத் தாடையைத் தடவினார். அதோடு வாயை மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று இருவருக்கும் தோன்றியது.

சபை கூடியது

ஷூட்டிங்கின் கடைசி நாள், மே மாதத்துக்கும் கடைசி நாள். சபைக் காட்சியை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார்கள். மறுநாள் ஷெட்டைக் காலி செய்ய வேண்டும். பிலிமும் ஒரு டப்பாதான் மிச்சம் இருந்தது. சபையோராக உட்கார சேதராப்பட்டிலிருந்து தொழிற்சாலை ஆட்கள் வருவதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால், ஷிப்ட் மாற்றிவிட்டார்கள், வர முடியாது என்று போன்.

சுப்பாராவ் மறுபடி தலையில் கை வைத்தார். என் கணவர் அவர் தோளைத் தட்டினார்.

"சார், ஒரு வேன் குடுங்க. எங்க தெருவுலேர்ந்து சபையையே கூட்டியாறேன்."

கூட்டிவந்தார். பாடகற்குழு மொத்தமும் வந்தது. மரியாயின் சேனை என்ற ஜெபக் குழுப் பெண்கள் வந்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்ற சொல்தா லூர்து அண்ணன் வந்தார். அவருக்கு மந்திரி வேஷம். சொல்தா என்றால் சும்மாவா? ராஜா நுழைந்ததும் விறைப்பாக எழுந்து ஒரு பிரெஞ்சு சல்யூட் வைத்தார். அவர் மனைவி பிலோமினா அக்காவை மற்ற பெண்களோடு அந்தப்புரத்து மூங்கில் திரைக்குப் பின்னால் உட்காரவைத்தோம். அக்காவின் குரலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயிலில் எல்லாரையும் விட ஒரு நொடி முந்தித்தான் பதில் சொல்வார். மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொண்டு வருவார்கள்.

"அக்கா, இருமக்கூடாது, பேசக்கூடாது. செல போல உக்காரணும்," என்று நான் தனியாகச் சொன்னேன்.

"எனக்குத் தெரியாதாடி? எத்தினி பாஸ்கா பாத்திருக்கேன்," என்றார் அக்கா. அப்போதே அவரை வேனில் ஏற்றித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை.

பக்கத்துப் பட்டறையில் பிரஸ் மெஷின் நாள் முழுக்க இடிக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் நிறுத்துவார்கள். அந்த இடைவெளியில் எடுத்தால்தான் உண்டு. சங்கு ஊதியது. இடி நின்றது. ஷெட்டில் ஒரு புறா சிறகடித்து அடங்கியது. சென்னையிலிருந்து வந்திருந்த சவுண்டுக்காரர் ஹெட்போனை அழுத்திக்கொண்டு தலையசைத்தார். சுப்பாராவ் கையைத் தூக்கினார்.

என் கணவர் எழுந்து நின்றார். அந்தத் தாடியிலும் நாமத்திலும் அவரை எனக்கே அடையாளம் தெரியவில்லை. வாயைத் திறந்தார்.

"நல்லகுண்ட... நீள்ளு லேவு பிரபூ..."

அந்த இழுப்பு, அந்த இறக்கம், அந்த இடைவெளி. சபை அசையவில்லை. நான் மூச்சுவிட்டேன்.

"எர்ரபாலெம்... நீள்ளு லேவு பிரபூ..."

மந்திரி லூர்து அண்ணனின் தொண்டைக்குழி ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்தேன். பாடகற்குழு வரிசையில் உதடுகள் ஒட்டாமல் துடித்தன. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. இதுவரை ஒத்திகையில் இவர் தனியாகத்தான் பாடினார். இந்த மெட்டு தெரிந்த கூட்டத்துக்கு முன்னால் பாடுவது இதுதான் முதல் தடவை.

"தாடிமெட்ட... நீள்ளு லேவு பிரபூ..."

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

அந்தப்புரத்திலிருந்து வந்தது, கணீரென்று. பிலோமினா அக்கா.

அவ்வளவுதான், அணை உடைந்தது. அடுத்த ஊருக்கு மொத்தச் சபையும் சொல்லியது. தலைப்பாகைகள், கிரீடங்கள், ஈட்டிக்காரர்கள் எல்லாருமாக, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்."

எனக்கு ஓடிப்போய் மூங்கில் திரையோடு சேர்த்து அக்காவைக் கடித்துவிடலாமா என்று இருந்தது. போச்சு, குரல் போச்சு, இந்த மனிதரின் ஒரே ஆசை போச்சு. என் கணவர் ஒரு கணம் சுப்பாராவைப் பார்த்தார். சுப்பாராவின் கை தூக்கியபடியே நின்றது. கட் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் திரும்ப எடுக்க பிலிம் இல்லை.

ஜனங்கள் பதில் சொல்லிவிட்டால் அடுத்த வரியை எடுக்காமல் என் கணவரால் நிற்க முடியாது. அத்தனை வருஷப் பழக்கம். எடுத்தார். இப்போது அவர் குரலே வேறாக இருந்தது. தனியாகக் கெஞ்சுகிற குரல் போய், பின்னால் ஊரே நிற்கிற குரல் வந்துவிட்டது. ஊர் ஊராகப் போனார். ஒவ்வொன்றுக்கும் சபை பதில் சொன்னது. எந்தக் காலத்திலோ தன்னந்தனியாக நின்று தண்ணீர் கேட்ட அந்தக் கவிகாருவுக்கு, எங்கள் தெரு ஜனம் துணை நின்றது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது.

கடைசி ஊர் முடிந்தது. ராஜா எழுந்து உத்தரவு போட வேண்டும். அவர் எழுந்தார், கையை நீட்டினார், மறுபடி உட்கார்ந்தார். வசனம் மறந்துபோயிருந்தது. அதை நினைவுபடுத்திக்கொள்வதற்குள் கேமராவில் பிலிம் தீர்ந்து கடகடவென்று சத்தம் வந்தது. அதே நேரத்தில் பக்கத்துப் பட்டறையில் பிரஸ் மெஷின் இடிக்கத் தொடங்கியது.

ஹெட்போன் சொன்னது

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பிலோமினா அக்கா மட்டும் திரையை விலக்கிக்கொண்டு, "நல்லாச் சொன்னமாடி ரோசாலி?" என்றார்.

ராஜாதான் முதலில் வாயைத் திறந்தார். "நான் அப்பவே சொன்னேன். டப்பிங்தான்."

சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றவில்லை. திருப்பிப் போட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு சுப்பாராவிடம் சொன்னார். "சார், ஒரு அதிசயம். ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறவே இல்ல. இவரு முடிச்சப்புறந்தான் அவங்க ஆரம்பிக்கிறாங்க, அவங்க முடிச்சப்புறந்தான் இவரு. கோடு போட்ட மாதிரி இருக்கு. கூட்டத்துச் சத்தத்த மட்டும் வெட்டிட்டு அந்த எடத்துல தெலுங்கு போட்டுக்கலாம். இவரு குரல் சுத்தமா நிக்குது."

பிறகு கொஞ்சம் தயங்கி, "கடைசி நாலஞ்சு ஊருக்கு ராஜா சாரும் சேந்து சொல்லியிருக்காரு. அதையும் வெட்டணும்," என்றார்.

ராஜா கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். "என்னவோ, வாய் தானா வந்துடுச்சு," என்று முணுமுணுத்தார். அதற்குப் பிறகு டப்பிங் என்ற சொல்லை அவர் எடுக்கவில்லை.

ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் சுப்பாராவ். அமைதியாக இருக்க வேண்டிய சபை பதில் சொல்கிறது, ராஜாவின் உத்தரவோ படத்திலேயே இல்லை. அவர் மனதில் இருந்த படம் ஒன்று, டப்பாவில் இருந்த படம் வேறு. "நான் தனியா ஒருக்கா கேக்கணும். சாயங்காலத்துக்குள்ள சொல்றேன்," என்று சொல்லிவிட்டு சவுண்டுக்காரரோடு காரில் ஏறிவிட்டார். மேக்கப்மேனும் தாடியை எடுக்கிற மருந்துப் புட்டியோடு சென்னை பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு, தான் செய்த சிம்மாசனத்தைத் தானே கழற்ற உட்கார்ந்தார். கோயில் மணி கேட்டபோதுதான் தலையை நிமிர்த்தினார். குளிக்க நேரம் இல்லை. அப்படித்தான் அந்தக் கோலத்தில் கோயிலுக்கு வந்தார்.

கேட்பதை நிறுத்தாதவர்

பங்குச் சாமியார் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரி, ஆரம்பிங்க. மாதாவுக்கு உங்க குரல் தெரியும்," என்றார்.

மன்றாட்டு மாலை ஆரம்பமானது. பாதி வரை ஒழுங்காகத்தான் போனது. அப்புறம் களைப்போ, கலக்கமோ, அதே மெட்டில் அதே வாயில், "நல்லகுண்ட... நீள்ளு லேவு பிரபூ..." என்று வந்துவிட்டது.

"எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்," என்றது ஜனம். ஒருவருக்கும் சந்தேகமே வரவில்லை. சாமியாரின் தலை மட்டும் சட்டென்று நிமிர்ந்தது.

எல்லாம் முடிந்து ஜனம் வெளியே பவனிக்குத் தயாராக நின்ற மாதா தேரை நோக்கி நகர்ந்தபோது சாமியார் எங்களைப் பிடித்துக்கொண்டார். தாடியை இழுத்துப் பார்த்தார், வரவில்லை. நான் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அந்த ஊருங்களுக்கு அப்புறம் தண்ணி வந்துச்சா சவரி?"

"தெரியல சாமி. ராஜா வாயத் தொறக்கறதுக்குள்ள பிலிம் தீந்துபோச்சு."

"அப்ப கேக்கறத நிறுத்தாதீங்க. வர்ற வரைக்கும் கேளுங்க," என்றார் சாமியார்.

அப்போதுதான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற சுப்பாராவைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ தெரியவில்லை. கண் சிவந்திருந்தது.

"சவரிகாரு," என்றார். "கொந்து மீதே."

குரல் உங்களுடையதுதான் என்று நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். தேவைப்படவில்லை. தெலுங்கு தெரியாத என் கணவர் அந்த இரண்டு சொல்லுக்கு அங்கேயே முழங்காலில் உட்கார்ந்து, நாமம் போட்ட நெற்றியைப் பெஞ்சில் வைத்து அழுதார்.

படம் தியேட்டருக்கு வரவில்லை. ஏனாமில் ஒரு மண்டபத்தில் ஒருமுறை போட்டார்கள். எங்கள் ஜனம் சொன்ன இடத்திலெல்லாம், "மா ஊள்ளோனூ லேவு பிரபூ", அதாவது எங்கள் ஊரிலும் இல்லை பிரபுவே, என்று தெலுங்குச் சபை சொல்லியது. உதடு கொஞ்சம் கூடுதலாக அசைந்ததை யாரும் கண்டுகொள்ளவில்லை. ராஜாவின் பதில் இல்லாமலே படம் முடிந்தது. விளக்குப் போட்டதும் ஒரு வயதான அம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கணவர் கையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொடுத்தார். இவர் அண்ணாந்து மொத்தத்தையும் குடித்தார். மகள் அந்த வருஷம் லீவில் வந்து எங்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். "அப்பா, நீங்க நல்லவரு," என்றாள். அவ்வளவு வயதுப் பெண் சொல்கிற பேச்சா அது? ஆனால் இவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அந்தச் சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். ஆனால் மே மாதக் கடைசி நாளில், மன்றாட்டு மாலை முடியும்போது என் கணவர் இன்றும் ஒரு வரி கூட்டிச் சொல்கிறார். ஜனமும் பதில் சொல்கிறது. நல்லகுண்ட எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிலோமினா அக்காவுக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. இருந்தும் பதில் மட்டும் ஒரு நொடி முந்தித்தான் வருகிறது. போன மே மாதம் கோயில் படியில் என் கையைப் பிடித்து இறங்கும்போது கேட்டார்.

"ஏன்டி ரோசாலி, உன் வூட்டுக்காரரு வருசா வருசம் கேக்குறாரே, அந்த ஊருக்கு இன்னுமா தண்ணி வரல?"

"இன்னும் இல்லக்கா."

"சரி வுடு, அடுத்த வருசமும் கேட்டுடுவோம்," என்றார் அக்கா.